நிலம் பிரிக்கப்படும்போது

தோட்டத்து எல்லையில் நில அளவையாளர் வந்து கருவியை நிறுத்தினால், அன்றிரவே லயங்களில் பேச்சு எழுந்துவிடும். "தோட்டம் கைமாறுகிறதாம்" என்பார் ஒருவர். "தொழிற்சாலை வரப்போகிறதாம்" என்பார் இன்னொருவர். இவை இரண்டும் வெவ்வேறு செயல்கள். ஒரு நிலத்தைப் பல துண்டுகளாக்கிப் பலர் பெயரில் பதிவது நிலப் பிரிவினை. மரம் நின்ற இடத்தில் ஆலையோ வீடோ எழுப்புவது நிலப் பயன் மாற்றம். இரண்டுக்குமே அனுமதி வேண்டும். அந்த அனுமதி எவ்வாறு ஆராயப்படுகிறது என்பதைச் சிங்கப்பூரின் வரலாற்றைக் கொண்டு தெளிவாகக் காணலாம்.

சிங்கப்பூர் நமக்கு அயலான ஊர் அன்று. 1877ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் வந்து இறங்கியது அங்கேதான். நம்மவர் பூமலை என்று அழைக்கும் தாவரத் தோட்டத்தில் அவற்றுட் சில வளர்ந்தன. மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை ரிட்லி என்னும் இயக்குநர் வகுத்ததும் அங்கேதான். பின்னர் செம்பவாங், சிலேத்தார், நீ சூன், ஜூரோங் ஆகிய பகுதிகளில் ரப்பர் நிழல் பரந்தது. அந்தத் தோட்டங்கள் இன்று இல்லை.

முதலில் திட்டமின்றி வளர்ந்த ஓர் இடத்தைப் பார்ப்போம். சிராங்கூன் சாலையின் ஒரு பகுதியில் சுண்ணாம்புச் சூளைகள் இருந்தன. அதனால் வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே பெயர் வழங்கிற்று. அருகில் மாட்டுத் தொழுவங்கள் இருந்தமைக்கு எருமைச் சாலையும், எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லைத் தாங்கிய கெர்பாவ் சாலையும் சான்று. இனிப்புப் பண்ட ஆலைகளை நடத்திய தான் தெங் நியா என்னும் சீன வணிகர் 1900இல் கட்டிய இல்லம் அந்தக் கெர்பாவ் சாலையில் இன்றும் நிற்கிறது. சூளையும் தொழுவமும் ஆலையும் வீடும் ஒன்றையொன்று ஒட்டியே எழுந்தன. இன்று சுற்றுலாப் பயணி அதனை அழகு என்கிறார். அன்று அங்கே குடியிருந்தவர் புகையையும் சாணத்தையும் தேங்கிய நீரையும்தான் கண்டிருப்பார்.

இத்தகைய நெருக்கடியைச் சீர்செய்யவே 1927இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. பெருந்திட்டம் 1958இல் ஏற்கப்பட்டது. 1960 பிப்ரவரி 1 முதல் திட்டமிடல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அது முதல் நிலத்தின் பயனை மாற்றுவோரும் நிலத்தைப் பிரிப்போரும் வரைபடத்துடன் விண்ணப்பித்து எழுத்துமூல அனுமதி பெற வேண்டியவராயினர். ஒவ்வொரு துண்டுக்கும் சாலை உண்டா, மழைநீர் எங்கே வடியும், ஆலைப் புகை எத்திசையில் செல்லும், குடியிருப்பு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பன போன்ற கேள்விகளுக்கு விடையில்லாத வரைபடம் திருப்பி அனுப்பத் தக்கதே.

அடுத்து ஜூரோங். 1960 அக்டோபரில் வந்த ஐக்கிய நாட்டு நிறுவனக் குழுவின் தலைவர் ஆல்பர்ட் வின்சிமியஸ். 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. குன்றுகளை வெட்டிச் சதுப்பு நிலத்தை நிரப்பித் தொழிற்பேட்டை அமைக்கப்பட்டது. 1963இல் இரும்பு உருக்காலை இயங்கத் தொடங்கியது. ஆயினும் தொடக்கத்தில் மனைகள் எளிதில் நிரம்பவில்லை. நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் பேதைமை என்றுகூட அதனை எள்ளியோர் உண்டு. ஆலைக்கு இடம் ஒதுக்கியதோடு பணி முடியவில்லை. தொழிலாளருக்கு அருகில் வீடும் கடையும் பேருந்தும் வேண்டியிருந்தன. நகரையும் தொழிற்பேட்டையையும் சேர்த்து நிருவகிக்க 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் ஏற்படுத்தப்பட்டது.

இனி, நம்மைத் தொடும் இடத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் பொதுத் தேவைக்காக நிலம் எடுக்கப்பட்டபோது, நிலவுரிமையற்ற விவசாயிகளுக்கும் அவர்கள் வைத்த மரம், வெட்டிய கிணறு, கட்டிய கொட்டகை ஆகியவற்றைக் கணக்கிட்டு இழப்பீடு தரப்பட்டது. பால்வெட்டுத் தொழிலாளியின் நிலை வேறு. இருபது ஆண்டு வெட்டிய மரமாயினும் அது அவருடையது அன்று. வசிக்கும் வீடும் நிருவாகத்தினுடையதே. தோட்டம் போனால் வேலையும் வீடும் ஒரே நாளில் போகும். வரைபடத்தில் சாலையும் வடிகாலும் இருக்கும். அவருடைய பெயர் இராது. திட்ட ஆய்வில் எளிதில் விடுபட்டுப்போகும் பகுதி இதுவே என்பது என் கருத்து.

தீபகற்பத்தில் 1950களில் இதுவே நிகழ்ந்தது. வெளிநாட்டார் விற்ற பெருந்தோட்டங்கள் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டன. பேராசிரியர் உங்கு அசீஸ் 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். பெரிய தோட்டம் ஒன்றாக நின்றவரை மருந்தகமும் பள்ளியும் குழாய்நீரும் ஒரே நிருவாகத்தின் பொறுப்பில் இருந்தன. துண்டுகளான பின் அவற்றுக்குப் பொறுப்பேற்பவர் யார்? துன் வீ.தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது. கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் அவற்றுள் முதலாவது. பின்னர் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கு மாற்றுவதாயின் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்பது அதன் சாரம். முழுத் தோட்டத்தையும் ஒருவரே வாங்கினால் இப்பிரிவு குறுக்கிடாது என்பதையும் நினைவிற் கொள்க.

நிலப் பயனைப் பொறுத்தவரை, 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி வட்டாரத் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அப்போது கருத்தோ ஆட்சேபமோ தெரிவிக்கலாம். வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில், அண்டை நிலத்தின் உரிமையாளருக்கே அறிவிப்பு அனுப்பப்படும். லயத்தில் வாழ்பவருக்கு அது வருவதில்லை. ஆகவே வரைவு பார்வைக்கு வைக்கப்படும் காலத்தைத் தவறவிடலாகாது.

அதற்கு முன்னரே தோட்ட அலுவலகக் கிராணியாரிடமோ தொழிற்சங்கச் செயலாளரிடமோ கேட்டுத் தோட்டத்தின் லாட் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்க. வரைபடத்தில் அந்த எண்ணைத் தேடி, அங்குத் தீட்டியுள்ள வண்ணம் விவசாயத்தைக் குறிக்கிறதா, தொழிலையா, குடியிருப்பையா என்று அலுவலரிடம் கேளுங்கள். ஆட்சேபம் எழுதும்போது லயத்தில் உள்ள குடும்பங்களின் எண்ணிக்கை, பள்ளி செல்லும் பிள்ளைகள், கோயில், இடுகாடு, குடிநீர் வரும் வழி ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிட்டு, கடைசி நாளுக்குள் ஒப்படைத்து, முத்திரையிட்ட படி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.