பெயர்ந்த சில்லும் பெருக்கிய துடைப்பமும்

மரவேலையில் நேர்ந்த பழுதை மறைப்பது கௌரவக் குறைவு என்றும், கெட்ட பலகையைத் தூர எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குவதே உத்தமமான தொழிலாளிக்கு லட்சணம் என்றும் உபதேசம் செய்கிறவர்கள், ஸ்ப்ரூஸ் பலகையைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கியவர்களாக அநேகமாக இருப்பதில்லை. கிட்டாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் வேண்டிய ஈட்டி மரம் நம் மலைகளிலேயே விளைகிறது. 1969-இல் கிட்டார் செய்கிற மார்ட்டின் கம்பெனியாரே பிரேசில் மரத்தை விட்டுவிட்டு நம் ஈட்டியை நாடி வந்தார்கள். நாதத்தை எழுப்புகிற மேல்பலகைக்கு உரிய ஸ்ப்ரூஸோ குளிர்தேசத்து மரம்; அது கடல் கடந்து, சுங்கம் செலுத்தப்பட்டு, கோயம்புத்தூர் வந்து சேர்வதற்குள் மரத்தின் விலையைக் காட்டிலும் பிரயாணத்தின் விலை பெரிதாகிவிடுகிறது. பென்ஷனில் ஜீவனம் நடத்திக்கொண்டு, மொட்டைமாடிக் கொட்டகையில் கிட்டார் செய்ய முனைந்திருக்கிற உங்களுக்கும் எனக்கும் அந்த உபதேசத்தால் பிரயோஜனம் இல்லை.

பலகையின் இரு பாதிகளை நடுவே ஒட்டுவது, மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இழைப்பது, உட்புறம் எக்ஸ் வடிவில் சட்டங்கள் பொருத்துவது, ஈட்டியை நனைத்துச் சுடுகுழாயில் வளைப்பது, பெட்டியை மூடுவது ஆகிய காரியங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவை எல்லாப் புத்தகங்களிலும் இருக்கின்றன. நிதானமுள்ள எவருக்கும் கைகூடும். ஆபத்து அதற்குப் பிறகு, பெட்டியின் விளிம்பைச் சுற்றி ஓரப்பட்டை உட்காருவதற்கான படியை வெட்டும்போதுதான் வருகிறது.

அதற்கு நாம் உபயோகிப்பது நிமிஷத்துக்கு முப்பதாயிரம் சுற்றுச் சுற்றுகிற சிறிய டிரிம்மர். கிட்டாரின் உருவம் வளைவானது. மேல்பலகையின் நாரோ கழுத்திலிருந்து அடிவரை நேராக ஓடுவது. ஆகையால் யந்திரத்தை ஒரே திசையில் சுற்றிக்கொண்டு வந்தால், பாதித் தூரம் பிட் நாரைச் சீவிக்கொண்டு சமாதானமாகப் போகும். மீதித் தூரத்தில் நாருக்கு அடியில் புகுந்து அதை நெம்பிவிடும். அகன்ற இடத்தில் தொடங்கி இடுப்பை நோக்கியும், மறுபடி அகன்ற இடத்திலிருந்தே அடிமுனையை நோக்கியுமாக, எப்போதும் சரிவில் இறங்குகிற விதத்தில் பகுதி பகுதியாக வெட்டுவதே முறை. அதன் பொருட்டுச் சில இடங்களில் யந்திரத்தை வழக்கத்துக்கு மாறான திசையில், மயிரிழை மயிரிழையாகத் தின்னவிட்டு நகர்த்தவேண்டியிருக்கும். இதையெல்லாம் நான் படித்தே வைத்திருந்தேன். ஆனால் யந்திரத்தை இரவல் கொடுத்த ஆசாரி, பக்கத்துத் தெருவில் கதவும் ஜன்னலும் செய்து பெயர் எடுத்தவர், கூடவே நின்றுகொண்டு, “நடுவுல நிறுத்துனா தடம் விழுந்துருங்க சார், ஒரே சுத்தா வந்துருங்க, நாப்பது வருசமா கதவு செய்யறனுங்க” என்று சொல்லும்போது, இரவல் பொருளைக் கையில் வைத்திருக்கிற மனிதன் தர்க்கம் பண்ணமுடியுமா? தாட்சண்யத்தால் ஒரே சுற்றாகச் சுற்றினேன். கீழ்வயிற்றின் அகலத்துக்கும் இடுப்புக்கும் நடுவே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சுண்டுவிரல் நீளமும் நெல்மணி அகலமும் உள்ள ஒரு சில்லு பெயர்ந்து எங்கேயோ பறந்தது.

இதுவரை நடந்ததை நான் பெரிய அனர்த்தமாகக் கருதவில்லை, நீங்களும் கருதவேண்டாம். சில்லு கையில் இருக்கும்வரை ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. பிய்ந்த மரத்தின் இரு முகங்களும் நாருக்கு நார் ஒன்றில் ஒன்று பொருந்துகிறவை; கொஞ்சம் வஜ்ஜிரம் தடவி, அழுத்தி, இரவு முழுவதும் விட்டுவைத்தால், மறுநாள் செய்தவனாலேயே இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பூதக்கண்ணாடியும் வஜ்ஜிரமும் எடுத்துவரக் கீழே இறங்கினேன். திரும்பி மாடிக்கு வந்தபோது, கொட்டகையின் தரை கல்யாண வீட்டு முற்றத்தைப் போலத் துப்புரவாக இருந்தது. “சுத்தமா இருந்தாத்தானுங்க கை ஓடும்” என்றார் ஆசாரி, துடைப்பத்தை மூலையில் சாத்தியபடி. சீவலும் தூளும் அடுத்த வீட்டு வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டிருந்தன.

சில்லு பறந்தால், யந்திரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நின்ற இடத்திலேயே நில்லுங்கள். உங்கள் வேட்டி மடிப்பையும் சட்டைப் பையையும் முதலில் பாருங்கள். பிறகு தரையை ஒவ்வொரு சாணாகப் பாருங்கள். உங்களுக்கும் சுத்தத்தில் அபிமானமுள்ள ஒரு சிநேகிதர் இருப்பார். அவர் வருகிற நாட்களில் துடைப்பத்தைக் கொட்டகையில் வைக்காதீர்கள்.

பெருக்கியதோடு ஆசாரி நிறுத்தவில்லை. மரத்தூளையும் கோந்தையும் குழைத்து அடைத்தால் “கடவுளுக்கே தெரியாதுங்க” என்று சொல்லி, நான் யோசித்து முடிப்பதற்குள் அடைத்தும்விட்டார். கறுத்த ஈட்டியில் இந்த வைத்தியம் பலிக்கும். வெளுத்த ஸ்ப்ரூஸில் அது ஒருபோதும் பலிக்காது. காய்ந்ததும் பார்வைக்குச் சுமாராகத்தான் இருந்தது. சந்தேகத்தின் பேரில் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து அதன்மேல் ஒற்றிப் பார்த்தேன். மெருகு ஏறினால் எப்படித் தோன்றுமோ அப்படியே, பழுப்பு நிறத்தில் ஒரு புண் எழுந்து நின்றது. எந்த ஒட்டையும் ஸ்பிரிட் நனைத்துப் பார்க்காமல் மெருகுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அந்தக் களிம்பைச் சுரண்டி எடுத்தபின் செய்த காரியத்தைப் பற்றிச் சற்றுப் பெருமையோடுதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேல்பலகையை உருவத்துக்கு அறுத்தபோது இடுப்பின் பக்கம் மிஞ்சிய பிறைத்துண்டை, வீட்டில் எல்லாரும் பரிகசித்தும், நான் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். ஸ்ப்ரூஸின் வருஷரேகைகள் நேராக ஓடுகிறவை ஆதலால், கீழ்வயிற்றில் எந்த ரேகைகள் பிய்ந்தனவோ, அதே ரேகைகள் மேலே நீண்டு இடுப்பின் கழிவுத்துண்டில் வந்து கிடக்கின்றன! புண்ணின் உள்விளிம்பை, கறுத்த ரேகை ஒன்றை ஒட்டியே மெல்லிய கத்தியால் நேராக்கினேன். ஒட்டின் கோடு அந்த ரேகையின் நிழலில் மறைந்துவிடும். நுனிகளை நாருக்குக் குறுக்கே வெட்டாமல் ஊசிமுனையாகச் சாய்த்தேன். குறுக்கு வெட்டை எந்தச் சாமர்த்தியத்தாலும் மறைக்கமுடியாது. கழிவுத்துண்டிலிருந்து சீவிய ஆப்பைத் தலைகீழாகவோ புறம் மாற்றியோ வைத்துவிடாதபடி பென்சிலால் அம்புக்குறி இட்டுக்கொண்டேன். நார் பலகையின் முகத்துக்குச் சற்றே சாய்ந்து ஓடுவதால், திருப்பி வைத்த ஒட்டு ஒரு பக்கமிருந்து பார்க்க வெளுப்பாகவும், மறுபக்கமிருந்து பார்க்கக் கறுப்பாகவும் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒட்டு காய்ந்தபின், மெல்லிய கறுப்பு வெள்ளைக் கோடாக உத்தேசித்திருந்த அலங்காரத்தை மாற்றி, 1930-களின் மார்ட்டின் டி-28 கிட்டார்களில் காணப்படுகிற மீன்முள் பட்டையைச் சுற்றிலும் பதிக்கத் தீர்மானித்தேன். அது அகலமானது, அதற்கு வெட்டிய பள்ளம் ஒட்டின் பெரும் பகுதியை விழுங்கி, உள்ளே ஒரு நூலிழையை மாத்திரம் மிச்சம் வைத்தது. இந்தத் தடவை ஆசாரியைக் கூப்பிடவில்லை. வெட்டவேண்டிய கோட்டைக் கத்தியால் முன்கூட்டியே கீறி, விளிம்புக்கு அரக்கு மெருகு ஒரு பூச்சுக் கொடுத்து, பகுதி பகுதியாக வெட்டினேன். ஒரு நார்கூடத் தூக்கவில்லை. ஒட்டை மறைக்க விளிம்பை அடர்த்தியான சாயத்தில் மூழ்கடிக்கும் உபாயமும் உண்டு. அழகான மரத்துக்கு மை பூசுவது எனக்குச் சம்மதமில்லை.

என் மைத்துனர் கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர். அதனால் செய்யவும் தெரிந்தவர் என்பது அவருடைய அபிப்பிராயம். 1862-இல் ஸ்பெயின் தேசத்து டோரஸ், முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேல்பலகையை மட்டும் மரத்தால் அமைத்து ஒரு கிட்டார் செய்தாரே, மேல்பலகைதான் உயிர் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா, உயிர் போன வாத்தியத்துக்கு அலங்காரம் எதற்கு என்று அவர் கேட்டார். டோரஸ் செய்தது வாஸ்தவம். ஆனால் மேல்பலகையின் விளிம்பு, பக்கப்பலகையோடும் அதன் உள்பட்டையோடும் ஒட்டுண்டு கிடப்பது. அது அசைவதற்கு இடமே இல்லை. தந்திகள் இழுக்கிற பிரிட்ஜைச் சுற்றி இந்தப் பழுது நேர்ந்திருந்தால், மைத்துனர் சொல்வதற்கு முன் நானே பலகையைப் பெயர்த்து எறிந்திருப்பேன்.

மெருகேற்றித் தந்தி பூட்டியபின் அவரை வரவழைத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்தார், குறை சொல்லவில்லை. பிறகு கிட்டாரை ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்து, வெகுநேரம் ஆராய்ந்து, மேல்தோளின் அருகே நாருக்குக் குறுக்காக மினுங்குகிற ஒரு நெளிவின்மேல் விரலை வைத்து, “இங்கதானுங்க மச்சான் ஒட்டு” என்றார். அது ஸ்ப்ரூஸில் இயற்கையாகவே விழுகிற, கரடிநகம் என்று கிட்டார் செய்கிறவர்கள் பெயரிட்டிருக்கிற குறி. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் அதைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார், நான் ஆட்சேபிப்பதில்லை.