முதலில் வடிவம், பிறகு வண்ணம்: கிம்ப்பில் இணையப் பொத்தான் செய்வது எப்படி?

இணையப் பக்கத்தில் ஒரு பொத்தான் பிடிக்கும் இடம் சிறியது. ஆனால் படிக்க வந்தவர் பதிவு செய்வதும், பணம் கட்டுவதும், கோப்பைப் பதிவிறக்குவதும் அந்தச் சிறிய இடத்தில்தான். அதன் விளிம்பு பிசிறடித்து எழுத்தும் மங்கியிருந்தால், தளத்தின் மீதே நம்பிக்கை குறைந்துவிடும்.

ஒற்றை நிறத்தில் எளிய பொத்தான் போதுமென்றால் படமே வேண்டாம். முனைகளை வளைத்து நிறம் பூசச் சில வரி சிஎஸ்எஸ் போதும். கையால் வரைந்த சின்னம், அழகெழுத்து, துணி அல்லது மரத்தின் இழைகள் போன்றவை வேண்டும்போதும், சிஎஸ்எஸ் முழுதாக எடுபடாத மின்னஞ்சல்களிலும்தான் படப் பொத்தான் தேவைப்படும். அதைச் செய்ய உட்காருபவர்கள் பெரும்பாலும் நிறத்தில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது செலக்‌ஷனில். வடிவத்தைச் செலக்‌ஷனாக ஒருமுறை துல்லியமாக அமைத்துச் சேமித்துவிட்டால், அதற்குப் பிறகு வருவதெல்லாம் அந்த வடிவத்துக்குள் நிறம் நிரப்பும் வேலைதான்.

இந்தப் பயிற்சிக்குக் கிம்ப் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் இருவரும் 1995-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது, இன்றும் இலவசம். இங்கே சொல்லும் படிகள் 2.10 பதிப்புக்கும், 2025-இல் வெளிவந்த 3.0 பதிப்புக்கும் பொருந்தும். நாம் செய்யப்போவது ‘பதிவிறக்கு’ என்ற எழுத்தும் கீழ்நோக்கிய அம்பும் கொண்ட பச்சைப் பொத்தான்.

படி 1: அளவை முடிவு செய்யுங்கள்

பொத்தான் பக்கத்தில் 200×56 பிக்சலில் தெரியட்டும். இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி 2.2 விதிகள், அழுத்தும் இடம் குறைந்தது 24×24 பிக்சல் இருக்க வேண்டும் என்கின்றன. அவற்றின் உயர்ந்த படிநிலை கேட்பது 44×44. நம்முடைய உயரம் 56 என்பதால் கட்டைவிரலுக்கும் சிரமம் இராது.

வரைவதை மட்டும் இரண்டு மடங்கில், 400×112 பிக்சலில் வரையுங்கள். கைபேசித் திரைகளில் பிக்சல்கள் நெருக்கமாக இருப்பதால், அளவுக்கு அளவு வரைந்த படம் அங்கே மசமசப்பாகத் தெரியும்.

ஃபைல் மெனுவில் ‘நியூ’ கொடுத்து 480×200 அளவில் புதிய படம் திறங்கள். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘ஃபில் வித்’ என்ற இடத்தில் ‘டிரான்ஸ்பரன்சி’யைத் தேர்ந்தெடுங்கள். பின்புலத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் படம் ஒளிபுகும் தன்மையோடு இருக்கிறது என்று பொருள்.

படி 2: வளைந்த முனைகளோடு செலக்‌ஷன்

ஆர் விசையை அழுத்தினால் ரெக்டாங்கிள் செலக்ட் கருவி வரும். அதன் ஆப்ஷன்களில் ‘ஆன்டிஏலியாசிங்’, ‘ரவுண்டட் கார்னர்ஸ்’ இரண்டையும் டிக் செய்து, ஆரத்துக்கு 24 கொடுங்கள். ‘ஃபெதர் எட்ஜஸ்’ டிக் இல்லாமல் இருக்கட்டும்.

படத்தில் தோராயமாக ஒரு செவ்வகம் இழுங்கள். பிறகு ஆப்ஷன்களில் ‘பொசிஷன்’ பெட்டிகளில் 40, 40 என்றும், ‘சைஸ்’ பெட்டிகளில் 400, 112 என்றும் எண்களைத் தட்டி என்டர் அழுத்துங்கள். கை நடுங்கினாலும் எண் நடுங்காது. அளவை எப்போதும் எண்ணால் கொடுப்பதே நல்லது.

ஆன்டிஏலியாசிங், ஃபெதர் இரண்டையும் பலர் ஒன்றெனக் கருதுகிறார்கள். நிறம் நிரப்பிய பின் முனையை 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். ஆன்டிஏலியாசிங் இருந்தால் வளைவின் ஓரத்தில் மட்டும் பாதி ஒளிபுகும் பிக்சல்கள் வரிசையாக நிற்கும். இயல்பான அளவில் அதுவே வழுவழுப்பான கோடாகத் தெரியும். அது இல்லாவிட்டால் படிக்கட்டுப் போலப் பல் பல்லாக இருக்கும். ஃபெதர் போட்டால் விளிம்பு முழுவதும் புகைபோலக் கரையும். பொத்தானுக்கு அது ஆகாது.

படி 3: செலக்‌ஷனைச் சேமியுங்கள்

பலரும் தவறவிடும் படி இது. செலக்ட் மெனுவில் ‘சேவ் டு சேனல்’ கொடுங்கள். ‘சேனல்ஸ்’ பலகத்தில் புதிய சேனல் ஒன்று தோன்றும். அதற்கு ‘வடிவம்’ என்று பெயரிடுங்கள். இனி எப்போது வேண்டுமானாலும் அதன்மேல் ரைட் கிளிக் செய்து ‘சேனல் டு செலக்‌ஷன்’ கொடுத்தால், அதே செலக்‌ஷன் ஒரு பிக்சல்கூட மாறாமல் திரும்பி வரும்.

ஓர் எச்சரிக்கை: சேமித்த உடன் அந்தச் சேனலே வேலைக்களமாக மாறிவிடும். அப்படியே நிறம் பூசினால் அது சேனலில் போய் விழும். ‘லேயர்ஸ்’ பலகத்துக்கு வந்து, உங்கள் லேயரின் மேல் ஒருமுறை கிளிக் செய்துவிட்டுத் தொடருங்கள்.

படி 4: நிறமும் விளிம்பும்

முன்நிறமாக 007755, பின்நிறமாக 006644 என்ற நிற எண்களைக் கொடுங்கள். ஜி விசையை அழுத்தி கிரேடியன்ட் கருவியை எடுத்து, முன்நிறத்திலிருந்து பின்நிறத்துக்கு மாறும் வகையைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலைப் பிடித்தபடி மேலிருந்து கீழே நேராக இழுத்து என்டர் கொடுங்கள். செலக்‌ஷன் இருப்பதால் நிறம் வடிவத்தைத் தாண்டாது.

இந்த நிறங்களைக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி விதி. வெள்ளை எழுத்துக்கு மேல்பக்கப் பச்சை ஏறத்தாழ 5.6-ஐயும் கீழ்ப்பக்கப் பச்சை ஏறத்தாழ 7-ஐயும் தருகின்றன. பொத்தானின் மேல்பாதியில் வெள்ளைப் பளபளப்புப் பூசும் பழைய வழக்கத்தைக் கைவிடுங்கள். அது எழுத்தின் பின்னணியை வெளிறச் செய்து, பார்வை குறைந்தவர்களுக்குப் படிப்பதைக் கடினமாக்கும்.

பளபளப்புக்குப் பதிலாக மெல்லிய கரை கட்டலாம். ‘வடிவம்’ செலக்‌ஷனாக இருக்கும்போதே செலக்ட் மெனுவில் ‘ஷ்ரிங்க்’ கொடுத்து 4 பிக்சல் சுருக்குங்கள். அதையும் சேனலாகச் சேமித்து ‘உள்வடிவம்’ என்று பெயரிடுங்கள். இப்போது ‘வடிவம்’ சேனலைச் செலக்‌ஷனாக்கி, ‘உள்வடிவம்’ மேல் ரைட் கிளிக் செய்து ‘சப்ட்ராக்ட் ஃப்ரம் செலக்‌ஷன்’ கொடுங்கள். பெரியதில் சிறியது கழிந்து, 4 பிக்சல் தடிமனில் கரை மட்டும் மிஞ்சும். ஒளிபுகும் புதிய லேயர் ஒன்று சேர்த்து, முன்நிறத்தை 004433 என்று மாற்றி, கன்ட்ரோலும் கமாவும் சேர்த்து அழுத்தினால் கரை நிரம்பிவிடும்.

படி 5: கூட்டலில் ஓர் அம்பு

செலக்‌ஷன் கருவிகளின் ஆப்ஷன்களில் மேலே ‘மோட்’ என்ற வரிசையில் நான்கு குறிகள் இருக்கும்: புதிதாகத் தொடங்கு, கூட்டு, கழி, பொதுவானதை மட்டும் வை. இந்த நான்கும் கைவந்தால் எந்தச் சின்னத்தையும் வரையலாம்.

அம்புக்கு இன்னொரு புதிய லேயர் எடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்திப் பழைய செலக்‌ஷனை நீக்குங்கள். ரெக்டாங்கிள் கருவியில் ‘ரவுண்டட் கார்னர்ஸ்’ டிக்கை எடுத்துவிட்டு, பொசிஷன் 86, 72; சைஸ் 12, 28 என்று கொடுங்கள். தண்டு தயார்.

அடுத்து எஃப் விசையில் ஃப்ரீ செலக்ட் கருவியை எடுத்து, ‘கூட்டு’ குறியைத் தேர்ந்தெடுங்கள். திரையின் கீழ்ப்பட்டையில் ஓடும் எண்களைப் பார்த்தபடி 72, 100; 112, 100; 92, 120 ஆகிய மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து, தொடங்கிய புள்ளியில் முடித்து என்டர் கொடுங்கள். தண்டும் முக்கோணமும் ஒரே செலக்‌ஷனாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளை நிரப்பினால் அம்பு.

குறியைத் தொடாமல் ஷிஃப்டைப் பிடித்துக் கூட்டலாம், கன்ட்ரோலைப் பிடித்துக் கழிக்கலாம். ரெக்டாங்கிள் கருவியில் மவுஸை அழுத்துவதற்கு முன்பே அந்த விசையைப் பிடித்திருக்க வேண்டும். அழுத்திய பின் பிடித்தால் ஷிஃப்ட் அகல உயர விகிதத்தைப் பூட்டும். கன்ட்ரோல் நடுவிலிருந்து விரிக்கும்.

தாளில் வரைந்த சின்னத்தைச் சேர்க்க விரும்பினால் யு விசையில் வரும் ஃபஸி செலக்ட் உதவும். வெள்ளைத் தாளில் கிளிக் செய்தால், அதோடு ஒட்டியுள்ள வெள்ளை முழுவதும் செலக்ட் ஆகும். கன்ட்ரோலோடு ஐ அழுத்தித் தலைகீழாக்கினால் சின்னம் செலக்ட் ஆகும். வெள்ளை ஓரம் வராமலிருக்க 1 பிக்சல் ‘ஷ்ரிங்க்’ செய்து காப்பி எடுங்கள்.

படி 6: தமிழ் எழுத்துக்கு இடம் விடுங்கள்

எழுதும் முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ அழுத்தி அம்பின் செலக்‌ஷனையும் நீக்கிவிடுங்கள். டி விசையில் டெக்ஸ்ட் கருவியை எடுத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவில் 40 பிக்சலில் வெள்ளையில் ‘பதிவிறக்கு’ என்று எழுதுங்கள். இந்த ஒரு சொல்லிலேயே தமிழின் மேலும் கீழும் இருக்கின்றன: ‘தி’, ‘வி’ எழுத்துகளின் மேல்வளைவு, ‘க்’ தலைமேல் புள்ளி, ‘கு’வின் கீழ்வளைவு. உயரத்தைக் கணக்கிடும்போது ‘ப’வை மட்டும் பார்க்காமல், மேல்வளைவின் உச்சியிலிருந்து ‘கு’வின் அடி வரை அளந்து, மேலும் கீழும் சம இடைவெளி விட்டு நிறுத்துங்கள். புள்ளி கரையில் மோதினால் எழுத்தின் அளவைக் குறையுங்கள். வரிகளை நெருக்க வேண்டாம்.

சொல் அடிக்கடி மாறும், அல்லது பல மொழிகளில் வேண்டும் என்றால் எழுத்தில்லாத பொத்தானை ஏற்றுமதி செய்து, எழுத்தை ஹெச்டிஎம்எல்-இல் வையுங்கள்.

படி 7: இரண்டு நிலைகள், இரண்டு கோப்புகள்

மவுஸ் மேலே வரும்போது பொத்தான் சற்று இருள வேண்டும். நிற லேயருக்கு மேலே, கரை லேயருக்குக் கீழே புதிய லேயர் சேர்த்து, ‘வடிவம்’ சேனலைச் செலக்‌ஷனாக்கி 005533 நிரப்புங்கள். ஒரே சேனலிலிருந்து வந்ததால் இரண்டு நிலைகளும் விளிம்போடு விளிம்பு பொருந்தும். கண்ணால் பார்த்து வரைந்திருந்தால், மவுஸ் தொடும்போதெல்லாம் பொத்தான் துள்ளும்.

முதலில் எக்ஸ்சிஎஃப் வடிவில் சேமியுங்கள். பிறகு ‘வடிவம்’ செலக்‌ஷனாக இருக்கும்போது இமேஜ் மெனுவில் ‘கிராப் டு செலக்‌ஷன்’ கொடுத்தால் படம் சரியாக 400×112 ஆகும். இருண்ட லேயரை மறைத்து ஒருமுறையும், காட்டி ஒருமுறையும் பிஎன்ஜி ஆக ஏற்றுமதி செய்யுங்கள். ஜேபெக் வேண்டாம், அதற்கு ஒளிபுகும் தன்மை கிடையாது, வளைந்த முனைகளுக்கு வெளியே நிறம் ஒட்டிக்கொள்ளும்.

ஏற்றும் முன் சரிபாருங்கள்

• பக்கத்தில் அகலம் 200, உயரம் 56 என்று குறித்திருக்கிறீர்களா?
• மாற்று உரையில் ‘பதிவிறக்கு’ என்று எழுதினீர்களா? படத்திலுள்ள எழுத்தைத் திரைவாசிப்பான் படிப்பதற்கு அதுவே வழி.
• வெள்ளைப் பின்னணியிலும் கறுப்புப் பின்னணியிலும் வைத்து விளிம்பைப் பார்த்தீர்களா?
• கைபேசியில் திறந்து விரலால் அழுத்திப் பார்த்தீர்களா? அங்கே மவுஸ் கிடையாது. நிற மாற்றம் இல்லாமலே அது பொத்தான் என்று புரிய வேண்டும்.

எக்ஸ்சிஎஃப் கோப்பை அழித்துவிடாதீர்கள். நாளை ‘பதிவு செய்க’, ‘தேடு’, ‘அனுப்பு’ என்று வேறு பொத்தான்கள் கேட்டால், எழுத்தையும் அம்பையும் மட்டும் மாற்றினால் போதும். தளம் முழுவதும் பொத்தான்கள் ஒரே அளவில், ஒரே வளைவில் அமையும். வருபவருக்கும் எங்கே அழுத்த வேண்டும் என்பதில் குழப்பம் இருக்காது.