கதவடைக்க முடியாத வளாகம்

அன்புள்ள மருமகனே,

விடுதி வைஃபையில் எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று பார்க்க என்மேப் இறக்கி வைத்திருக்கிறாயாம், உங்கம்மா சொன்னாள். அதை அழித்துவிடு என்று சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை. அந்த வகைக் கருவிகளின் குலம் கோத்திரம் தெரிந்துகொண்டு கையில் எடு என்பதற்காகத்தான்.

கதை பல்கலைக்கழக வளாகங்களில் தொடங்குகிறது. வங்கி தன் கணினிகளைச் சுவருக்குள் பூட்டி வைக்கலாம். பல்கலைக்கழகத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஆண்டுதோறும் புதுமுகங்கள் வருகிறார்கள், வேறு நாட்டு ஆய்வாளர்கள் தொலைவிலிருந்து நுழைகிறார்கள், ஒரே லேப் கணினியைப் பலர் தொடுகிறார்கள். 1980களில் இந்தத் தாராளம் இன்னும் அதிகம். ‘ஃபிங்கர்’ என்றொரு சேவை இருந்தது. இன்னொரு ஊர்க் கணினியில் இப்போது யார் வேலை செய்கிறார்கள் என்று யார் கேட்டாலும் அது பதில் சொல்லும்.

1988 நவம்பர் 2 அன்று அந்தத் தாராளத்துக்குச் சோதனை வந்தது. கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ராபர்ட் டப்பன் மாரிஸ், தானாகவே கணினிக்குக் கணினி பரவும் நிரல் ஒன்றை இணையத்தில் விட்டார். கார்னெலிலிருந்து வந்தது என்று தெரியக்கூடாதென்று எம்ஐடி கணினியிலிருந்து விட்டார். நுழைய அந்த நிரலுக்குப் பல வழிகள் தெரியும். ஃபிங்கர் சேவை, வரும் எழுத்துகளுக்கு 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. வருவது அதற்குள் அடங்குமா என்று பார்ப்பதில்லை. நிரல் 536 பைட் அனுப்பியது. மிஞ்சியது பக்கத்து நினைவகத்தில் விழுந்தது; அதனால் அனுப்பியதற்குள் இருந்த கட்டளை ஓடியது. சி மொழியில் நீ படிக்கும் ‘கெட்ஸ்’ செயற்கூற்றைப் பயன்படுத்தாதே என்று ஆசிரியர் சொல்வது இதனால்தான்.

அடுத்த வழி பாஸ்வேர்டு ஊகம். பயனர் பெயர், அதையே தலைகீழாக, பிறகு கூடவே கொண்டுவந்த 432 சொற்கள். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. மாரிஸின் அப்பாவும் ராபர்ட் மாரிஸ்தான். அவர் 1979இல் சக ஆய்வாளர் கென் தாம்ப்ஸனுடன் சேர்ந்து பாஸ்வேர்டு பாதுகாப்பு பற்றி எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தக்கது. சேகரித்த 3,289 பாஸ்வேர்டுகளில் 2,831 எளிதில் சிக்கக்கூடியவை என்று அதில் கணக்கே இருக்கிறது. அப்பா எச்சரித்த ஓட்டை வழியாக ஒன்பது ஆண்டு கழித்து மகனின் நிரல் நுழைந்தது.

கோப்பு எதையும் அது அழிக்கவில்லை. ஆனாலும் கணினிகள் மூச்சுத் திணறின. ஏற்கெனவே தன் பிரதி ஓடும் கணினியில் இன்னொன்று தங்காமலிருக்க மாரிஸ் ஏற்பாடு செய்திருந்தார். நிர்வாகிகள் அதையே வைத்து ஏமாற்றிவிடுவார்களோ என்ற சந்தேகத்தில் ஏழில் ஒரு பிரதி எப்படியும் தங்கட்டும் என்றும் எழுதினார். அந்த ஏழில் ஒன்று கணக்கில் பிரதிகள் குவிந்துதான் கணினிகள் கவிழ்ந்தன. 1990இல் நீதிமன்றம் மாரிஸுக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம் என்று தீர்ப்பளித்தது. பின்னாளில் அவர் அதே எம்ஐடியில் பேராசிரியர் ஆனார். அதை நம்பி யாரும் முயலவேண்டாம், அவர் அதிர்ஷ்டக்காரர்.

இதற்குப் பிறகு வளாகங்கள் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. உள்ளே நடப்பதைப் பார்க்கக் கற்றுக்கொண்டன. எனக்கு மிகவும் பிடித்தது நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கதை. அங்கே ஒருவன் திரும்பத் திரும்ப நுழைந்து கணினியின் கோப்புகளையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தான். எப்படிப் பிடிப்பது? வீட்ஸே வெனிமா என்பவர் சின்னஞ்சிறு நிரல் ஒன்றை எழுதினார். ஃபிங்கர் சேவையை வேறோர் இடத்துக்கு நகர்த்திவிட்டு அதன் பெயரில் இதை உட்கார வைத்தார். யாராவது அழைத்தால் எங்கிருந்து என்று லாகில் குறித்துக்கொள்ளும்; பிறகு உண்மையான ஃபிங்கரிடமே ஒப்படைத்துவிடும். பழைய நிரலில் ஒரு வரி மாற்றவில்லை, வெளியே இருப்பவனுக்கு வித்தியாசமும் தெரியாது. லாகைப் பார்த்தால், அவன்தான் ஃபிங்கர் வழியாக இவர்களை வேவு பார்த்துக்கொண்டிருந்தான்! டிசிபி ராப்பர் என்று பெயர் பெற்ற அந்த நிரல் பிறகு பல ஆண்டுகள் யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் காவலிருந்தது.

வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் அலெக் மஃபெட் 1991இல் ‘கிராக்’ வெளியிட்டார். மாரிஸ் நிரல் செய்த அதே ஊக வேலையை நிர்வாகி தன் கணினியிலேயே செய்து, எந்தப் பயனரின் பாஸ்வேர்டு சொத்தை என்று கண்டுபிடிக்கலாம். தன் வீட்டுப் பூட்டைத் தானே நெம்பிப் பார்ப்பது மாதிரி. பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஸ்பாஃபோர்டும் மாணவர் ஜீன் கிம்மும் ‘டிரிப்வயர்’ எழுதினார்கள். முக்கியமான ஒவ்வொரு கோப்புக்கும் அது கைரேகை எண் கணித்துத் தரும்; அந்த எண்களை யாரும் மாற்ற முடியாத இடத்தில் வைத்துவிடவேண்டும். பிறகு ஒப்பிட்டால் தொடப்பட்ட கோப்பு மாட்டிக்கொள்ளும். அதை வெளியிட்ட நாள் 1992 நவம்பர் 2, மாரிஸ் நிரல் வந்த அதே தேதி.

இனி உன் லேப்டாப்புக்கு வா. விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு லினக்ஸ் நிறுவு. ஒன்றிலிருந்து மற்றதை என்மேப் கொண்டு ஆராய். எந்தப் போர்ட் ஏன் திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் படி. ப்ராஜெக்ட் கோப்புகளுக்கு ஷா-256 கைரேகை எண் எடுத்து வைத்து, லேப் கணினிக்குப் போய்வந்த பென் டிரைவை அதோடு ஒப்பிட்டுப் பார். டிரிப்வயரின் பாதிப் பாடம் அதிலேயே வந்துவிடும்.

கல்லூரி வலையமைப்பு வேறு கதை. உரிமையாளரின் அனுமதியில்லாமல் ஒரு கணினிக்குள் நுழைவது இந்தியாவின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வரும். நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அங்கே ஆராயவேண்டுமென்றால் துறைத் தலைவரிடம் மெயிலில் கேள். எந்த ஐபி முகவரிகள், எந்தத் தேதிகள், ஏதாவது நின்றுபோனால் யாருக்குப் போன் செய்வது, மூன்றும் அதில் இருக்கட்டும். ‘சரி, பண்ணிக்கோப்பா’ என்று வராந்தாவில் சொன்னால் போதாது. மதிப்பெண் சர்வரில் ஓட்டை கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி எழுதிக் கொடுத்துவிடு. உன் மதிப்பெண்ணைக்கூடத் திறந்து பார்க்காதே. துறைத் தலைவரின் பதில் மெயிலைப் படிப்பு முடியும் வரை அழிக்காமல் வைத்திரு.

அன்புடன்,
மாமா