வாசல் எந்தப் பக்கம் இருந்துச்சு ஆத்தா?

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. கடலோரத்தோடு அது நிற்கவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் புகுந்து ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், கறம்பக்குடி என்று தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. பத்து நாள் கழித்துத் திருச்சியிலிருந்து நண்பர்கள் சிலர் கிளம்பினோம். வழியில் இன்னும் சில பேர் சேர்ந்துகொண்டார்கள். கீரமங்கலத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் இடிந்த குடிசைகளைத் திரும்பக் கட்டித் தருவது என்று முடிவு. அதற்குமுன் நான் ஒரு கூரைகூட வேய்ந்ததில்லை. அந்த ஆறு நாளில் கற்றதெல்லாம் கூட வந்தவர்களிடம்தான்.

முதல் வீடு ஓர் அப்பத்தாவுடையது. சுவர் பாதி கரைந்து, முகட்டு வளை முறிந்து கிடந்தது. போனதும் நாங்கள் கடப்பாரையோடு இறங்கினோம். பக்கத்தில் கொஞ்சம் மேடான இடம் இருந்தது, அங்கே கட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போட்டோம். எங்களோடு வந்த வயதான கொத்தனார் மட்டும் எதையும் தொடவில்லை. அப்பத்தா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "வாசல் எந்தப் பக்கம் இருந்துச்சு ஆத்தா?" என்று கேட்டார்.

அப்பத்தா எழுந்து வந்து குச்சியால் கோடு கிழித்தார். "இங்கன அடுப்பு. இங்கன அம்மி. வாசல் கிழக்கப் பாத்து இருக்கணும் தம்பி, அந்த வேப்ப மரம் தெரியணும்." பத்து நாளில் அவர் வீட்டைப் பற்றி அவரிடமே கேட்ட முதல் ஆள் அந்தக் கொத்தனார்தானாம். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு நாங்கள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

கூரைக்கு ஓலை தேட வேண்டியிருக்கவில்லை. விழுந்த தென்னைதான் ஊர் முழுக்கக் கிடந்ததே. விழுந்த மரம் ஒன்றுக்கு அரசு அறிவித்த தொகை, வெட்டி அப்புறப்படுத்தும் கூலியும் சேர்த்து, 1,100 ரூபாய். தாத்தா காலத்துத் தோப்பு அது என்று ஒருவர் மரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். மட்டையை இரண்டாகக் கீறி, குளத்தில் ஊறப்போட்டு, முடைய வேண்டும். மதுரையிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர், "அப்பத்தா, எனக்குச் சொல்லிக்குடுங்க" என்று இன்னொரு கிழவியின் பக்கத்தில் கீற்று முடைய உட்கார்ந்தார். அதுவரை திண்ணையில் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கிழவியின் கைக்கு வேலை வந்தது. சாயங்காலத்துக்குள் அந்தக் கை நாற்பது கீற்றுக்கு மேல் முடைந்துவிட்டது, பேச்சும் திரும்பி வந்தது. வீடு இழந்தவரை உட்கார வைத்துவிட்டு நாம் மட்டும் வேலை செய்வது உதவி என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று அன்று பார்த்தேன்.

கூரை வேய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. இறவாணத்திலிருந்து மேல்நோக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கீற்றைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். முகட்டில்தான் காற்று கை வைக்கும். கோட்டைப்பட்டினத்து மீனவ அண்ணன் ஒருவர் தன் பழைய வலையைக் கொண்டுவந்து கூரைமேல் விரித்து, நாலு பக்கமும் இழுத்து முளையில் கட்டினார். அவருடைய சொந்தப் பாடே அந்த வருஷம் பெரிதாக இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்கவில்லை.

என்னை அதிகம் பாதித்தது கேரளாவின் செங்கன்னூரிலிருந்து வந்த இளைஞன். மூன்று மாதம் முன்பு, ஆகஸ்ட் வெள்ளத்தில், அவன் வீட்டுக்குள் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். சேற்றை அள்ளிக் கொட்டியது தமிழ்நாட்டிலிருந்து போன யாரோ சிலர். அதனால் வந்திருந்தான். எல்லாரும் மரம் அறுக்கையில் அவன் இடிபாட்டுக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு தகரப் பெட்டியை எடுத்தான். ரேஷன் கார்டு, பட்டா, ஆதார், ஒரு கல்யாணப் போட்டோ, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பிரிக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினான். தன் பையிலிருந்து பழைய பருத்தி வேட்டியை எடுத்து நிழலில் விரித்து, ஈரத்தோடு ஈரமாக விரல் நுனியால் ஒவ்வொரு தாளாக நகர்த்தினான். ஒரு மணி நேரம் ஆனது. பட்டா கிழியாமல் வந்தது. "வீடு பின்னே கெட்டாம், இது போயால் போயி" என்றான். வீட்டை அப்புறம் கட்டிக்கொள்ளலாம், இது போனால் போனதுதான் என்று அர்த்தம்.

இப்படி உதவப் போகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு போங்கள், ஆணியும் தகரமும் எங்கும் கிடக்கும். உங்கள் அரிசியும் தண்ணீரும் டார்ச்சும் உங்களோடு வரட்டும். கஜாவுக்குப் பின் அங்கே பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. பழைய துணியைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள், மெயின் ரோட்டோரம் அது குவியல் குவியலாக நனைந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். நிவாரண லாரிகள் மெயின் ரோட்டிலேயே காலியாகிவிடும், உள்ளே ரெண்டு கிலோமீட்டர் நடந்து போங்கள். பெறுகிறவர் முகத்தைப் படம் எடுக்காதீர்கள்.

2019 ஆகஸ்டில் கேரளாவில் நிலம்பூர்ப் பக்கம் கவளப்பாறையில் மலை சரிந்த செய்தி வந்தது. அன்று இரவு பையைக் கட்டினேன். கையுறைக்கும் டார்ச்சுக்கும் முன்னால், அப்பாவின் பழைய பருத்தி வேட்டி ஒன்றை மடித்து அடியில் வைத்தேன்.