உரமும் விதையும் தூவும் கைக்கலங்கள்

வயலுக்கு எவ்வளவு உரம் இடவேண்டும் என்று கேட்டறியாத உழவர் இன்று அரியர். மண் பரிசோதனை முடிவைப் பார்த்தோ, வேளாண்மை அலுவலரைக் கேட்டோ, ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று தெரிந்துகொள்கிறார்கள். ஆனால் அந்த உரம் வயலின் எந்த மூலைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று வினவுவோர் மிகச் சிலரே. கடையில் நிறுத்து வாங்கிய பொருள் வரப்பைத் தாண்டியவுடன் தன் கணக்கை இழந்துவிடுகிறது. அன்னக்கூடையில் கொட்டி, இடுப்பில் அணைத்து, கை போன போக்கில் வீசி முடிக்கிறோம். உரத்தின் விலையைப்பற்றி நெடுநேரம் பேசுகிற நாம், அதைத் தூவும் கலத்தைப்பற்றிப் பேசுவதே இல்லை. அதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மேலுரமாக ஏக்கருக்கு 30 கிலோ யூரியா இடுவதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் 100 சென்ட் ஆகையால் சென்ட்டுக்கு 300 கிராம் விழவேண்டும். தூவுகிறவரின் கை தொடக்கத்தில் தாராளமாகவும், கூடை குறையக் குறையச் சிக்கனமாகவும் ஓடினால், வயலின் ஒரு பாதிக்கு 450 கிராமும் மறு பாதிக்கு 150 கிராமும் விழுதல் கூடும். மூட்டைக் கணக்கில் குறை ஒன்றும் இராது. 30 கிலோ இட்டதாகவே வீட்டில் சொல்வோம்; அப்படிச் சொல்வது பொய்யும் அன்று. ஆனால் பயிர் சராசரிக் கணக்கை அறியாது. ஒவ்வொரு தூரும் தன் வேருக்கு எட்டியதையே உண்ணும். உரம் மிகுந்த பாதியில் இலை கருத்துத் தழைத்து, குலைநோய்க்கும் புகையானுக்கும் விருந்தாகி, கதிர் முற்றும் வேளையில் ஒரு காற்றுக்குச் சாயும். குறைந்த பாதி வெளிறி, தூர் கட்டாமல் நிற்கும். மிகுந்த இடத்தின் ஆதாயம் குறைந்த இடத்தின் நட்டத்தை ஈடு செய்யுமா என்றால், செய்யாது. தேவைக்குமேல் இட்ட ஒவ்வொரு கிலோவும் அதற்கு முந்திய கிலோவைவிடக் குறைந்த பலனையே தரும் என்பது உரவியலின் பாலபாடம்.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உண்டு. நெல் வயலில் இடும் தழைச்சத்தில் பயிருக்குச் சேர்வது பெரும்பாலும் பாதிக்கும் குறைவே. ஏனையது காற்றோடும் நீரோடும் போகிறது. வேப்பெண்ணெய் பூசிய யூரியா 2015-ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டதற்கு இவ்விழப்பைக் குறைப்பதும் ஒரு நோக்கமாகும். தொழிற்சாலையில் அத்தனை கவனத்தோடு செய்து அனுப்பியதை வயலில் நாம் திட்டுத் திட்டாகக் கொட்டினால், அக்கவனத்தின் பயன் நம்மை வந்து சேராது. மற்றொன்றும் கூறவேண்டும். 2018-ஆம் ஆண்டு முதல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாயிற்று. பழைய பழக்கத்தில் மூட்டைக்கு ஐம்பது என்றே கணக்கிட்டு வயலைப் பங்கிடுவோர் இன்னும் இருக்கின்றனர். வயலின் கடைசி மூலை ஏன் வெளிறுகிறது என்பதற்குச் சிலவேளைகளில் இதுவே விடையாகும்.

கலங்களின் வகை

கையில் ஏந்தித் தூவும் கலங்களை மூன்று வகையாகக் கொள்ளலாம். முதலாவது, நம் முன்னோர் கையாண்ட ஓலைப்பெட்டி, நார்ப்பெட்டி, இன்றைய பிளாஸ்டிக் கூடை முதலியன. இவற்றில் கலம் வெறும் கொள்கலம்தான். அளவு முழுவதும் கைப்பிடியில் இருக்கிறது. இரண்டாவது, அடியிலோ மூடியிலோ துளையிட்டுக் குலுக்கித் தூவும் டப்பா. மூன்றாவது, கைப்பிடியைச் சுழற்றினால் அடியிலுள்ள தட்டு சுழன்று மணிகளை விசிறியடிக்கும் கருவி.

இம்மூன்றாவது வகை மேலை நாடுகளில் புதியதன்று. அங்கே கோதுமையும் புல்விதையும் விதைப்பதற்குத் தோளில் மாட்டிய பையும், அதனடியில் சுழலும் தட்டும் கொண்ட சாதனங்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டன. அவற்றுள் ஒன்றில் தட்டைச் சுழற்றுவதற்குப் பிடில் வாசிப்பதைப்போல ஒரு வில்லை முன்னும் பின்னும் இழுப்பார்கள். அதனாலேயே அதற்கு விதைப் பிடில் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். இன்று வீட்டுத் தோட்டத்துப் புல்தரைகளுக்கென்று இரண்டு மூன்று கிலோ கொள்ளும் சிறு கருவிகளாக அவை வருகின்றன. நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கின்றன.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால், நிலத்தையும் பொருளையும் பார்த்தே சொல்லவேண்டும். சேற்று வயலில் நடை ஒரே சீராக இராது. கால் புதையுமிடத்தில் நிற்போம், ஆனால் கை சுழன்றுகொண்டே இருக்கும். அவ்விடத்தில் உரம் குவியும். ஆதலின் நெல் வயலுக்குப் பழகிய கையும் அளந்த கூடையுமே இன்னும் மேல் என்பது நம் கருத்து. புழுதிக் கால் நிலம், பசுந்தாள் விதைப்பு, மானாவாரி நிலம், புல்தரை ஆகியவற்றில் சுழல்தட்டுக் கருவி நன்றாக உழைக்கும். துளையிட்ட டப்பா நாற்றங்காலுக்கும் காய்கறிப் பாத்திக்கும் ஏற்றது. ஆனால் யூரியா ஈரத்தை இழுத்துக் கசிந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். அதற்கு அந்த டப்பா ஆகாது.

கூடையை அளவுகோலாக்குதல்

செலவில்லாத வழியை முதலில் சொல்வோம். வயலைப் பத்துப் பத்து சென்ட் பாகங்களாக மனத்தளவில் அன்றி, வரப்பில் குச்சி நட்டு, வைக்கோல் பிரி கட்டிப் பிரித்துக்கொள்க. முற்சொன்ன கணக்குப்படி ஒரு பாகத்துக்கு 3 கிலோ. இதனையும் இரண்டாக்கி, ஒன்றரைக் கிலோவைத் தெற்கு வடக்காகவும், ஒன்றரைக் கிலோவைக் கிழக்கு மேற்காகவும் தூவவேண்டும். ஒரு நடையில் விட்டுப்போன இடத்தை மறு நடை பெரும்பாலும் மூடிவிடும். நடை இரட்டிப்பாகிறதே, கூலி ஏறாதோ என்று ஐயுறலாம். ஏறத்தான் செய்யும், ஆயினும் ஓர் ஏக்கரில் அது சொற்ப நேரமே.

ஒன்றரைக் கிலோவை ஒவ்வொரு முறையும் தராசில் நிறுத்துக்கொண்டிருக்க இயலாது. ஆகையால் ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஒருமுறை நிறுத்துக் கொட்டி, மட்டம் தட்டி, அம்மட்டத்தில் வெளிப்புறம் வண்ணக்கோடு இடுக. யூரியாவுக்கு இட்ட கோடு டி.ஏ.பி.க்குப் பொருந்தாது. ஒரு லிட்டர் கலத்தில் யூரியா ஏறக்குறைய முக்கால் கிலோதான் கொள்ளும், டி.ஏ.பி.யும் பொட்டாஷும் அதைவிடக் கனமானவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறத்தில் கோடு இடுதல் நலம். தூவுகிறவர் தம் கைப்பிடியையும் அறிந்திருக்கவேண்டும். பத்துப் பிடி அள்ளி ஒன்றாக நிறுத்துப் பத்தால் வகுத்தால் ஒரு பிடியின் எடை தெரியும். ஒருவர் பிடிக்கும் மற்றவர் பிடிக்கும் எவ்வளவு வேற்றுமை என்பதை இப்படி நிறுத்துப் பார்த்தவர்களே அறிவார்கள். கணவன் ஒரு பாதியும் மனைவி மறு பாதியுமாகத் தூவும் வயலில் இவ்வேற்றுமை பயிரிலேயே எழுதிக் காட்டப்படும்.

மிகக் குறைந்த அளவில் இடவேண்டிய பொருளுக்கு மணலே துணை. ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இடுவதாயின் 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து தூவுக. எள் விதை ஏக்கருக்கு 2 கிலோதான். அதனையும் நான்கு மடங்கு மணலுடன் கலந்தே விதைக்கவேண்டும். கை நிறைய இருந்தால்தான் வீச்சு சீராகும். ஆனால் எதனையும் எதனோடும் கலந்துவிடலாகாது. யூரியாவைச் சூப்பர் பாஸ்பேட்டுடன் கலந்து வைத்தால் கலவை நசநசத்துக் கூழாகிவிடும். துத்தநாக சல்பேட்டையும் மணிச்சத்து உரங்களோடு சேர்க்கக்கூடாது.

சுழல்தட்டுக் கருவியைச் சோதித்தல்

கருவியோடு வரும் சிற்றேட்டில் எந்த உரத்துக்கு எந்த எண்ணில் வாயிலைத் திறப்பது என்று ஒரு பட்டியல் இருக்கும். அதனை நம்பி வயலில் இறங்குதல் தகாது. யூரியா மணி சிறியது, இலேசானது, அருகில் விழும். டி.ஏ.பி. மணி பருமனும் கனமும் உடையது. தொலைவில் போய் விழும். பட்டியல் எழுதியவர் நம்முடைய உரத்தையும் நம்முடைய நடையையும் பார்த்தவர் அல்லர்.

முதலில் வீச்சின் அகலத்தைக் காணவேண்டும். களத்தில் ஒரே அளவான தட்டுகளைக் குறுக்கே வரிசையாக, அரை மீட்டருக்கு ஒன்றாக வைத்து, அவ்வரிசையின் நடுவழியே கருவியைச் சுழற்றிக்கொண்டு நடந்து செல்க. ஒவ்வொரு தட்டிலும் விழுந்த மணிகளை எண்ணினால், நடுவில் மிகுதியாகவும் ஓரங்களில் குறைவாகவும் இருப்பது தெரியும். நடுவில் விழுந்ததில் பாதி விழும் இடம் இருபுறமும் எங்கேயோ, அவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே பயன்படும் அகலம். அடுத்த நடையை அந்த அகலத்துக்குத் தள்ளி நடந்தால், ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குறையைச் சரிக்கட்டும். ஒற்றைத் தட்டுக் கருவிகள் சில, ஒரு பக்கம் கூடுதலாக எறியும் இயல்புடையவை. அதுவும் இச்சோதனையில் வெளிப்பட்டுவிடும்.

அடுத்து, கருவியில் சரியாக 1 கிலோ இட்டு, வழக்கமான நடையில், அது தீரும்வரை நடந்து தூரத்தை அளக்கவேண்டும். 50 மீட்டரில் தீர்ந்தது, அகலம் 3 மீட்டர் என்றால் பரப்பு 150 சதுர மீட்டர். சென்ட் ஒன்றுக்கு ஏறக்குறைய 40 சதுர மீட்டர் ஆகையால் இது சற்றேறக்குறைய 3.7 சென்ட், அதாவது சென்ட்டுக்கு 270 கிராம். நமக்கு ஒரு நடைக்கு வேண்டியது 150 கிராம்தான். ஆகவே வாயிலைக் குறுக்கி மீண்டும் நடக்கவேண்டும். இரண்டு மூன்று முறையில் சரியாகிவிடும். அந்த எண்ணைக் கருவியின் மேலேயே அழியாத மையால் எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு இவ்வுழைப்பு வேண்டியதில்லை.

நடக்கத் தொடங்கிய பின்னரே வாயிலைத் திறக்கவேண்டும், நிற்பதற்குமுன் மூடிவிடவேண்டும். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். தலைமாட்டில் திரும்புமிடந்தோறும் பயிர் கருகியிருக்கும் தோட்டங்களைப் பார்த்தவர்கள் இதைச் சிறிதென்று எண்ணமாட்டார்கள்.

வேளை

காற்றடிக்கும் நேரத்தில் எந்தக் கலமும் உதவாது. விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும் என்றாலும் இலைமேல் பனிநீர் நிற்கும். யூரியா மணி அதில் ஒட்டிக் கரைந்து இலையைச் சுடும். பனி உலர்ந்து, காற்று எழுவதற்கு முற்பட்ட வேளையே தக்கது, இல்லையேல் மாலை. நெல் வயலில் நீரை வடித்துவிட்டுத் தூவி, மறுநாள் நீர் பாய்ச்சவேண்டும். நீர் நிறைந்த வயலில், மடையும் திறந்திருக்கத் தூவினால், அடுத்த வயல்காரருக்கும் கீழேயுள்ள குளத்துக்கும் நாம் உரமிட்டவர்களாவோம்.

ஊராட்சியின் புல்தரை

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. பல ஊர்களில் இப்போது சிறு பூங்காவும் விளையாட்டுத் திடலும் அமைந்துள்ளன. அங்கே வைத்த புல்லுக்கு உரமிடும் வேலை, யாருக்கும் குறிப்பாக ஒப்படைக்கப்படாத வேலையாக இருக்கிறது. யாரோ ஒருவர் ஒரு கூடை யூரியாவைக் கொண்டுவந்து வாரி இறைத்துப் போகிறார். ஒரு வாரத்தில் புல்தரை முழுதும் கருகிய வட்டங்கள் தோன்றுகின்றன. புல் நோய் கண்டுவிட்டதென்று மருந்து வாங்கப்படுகிறது. புல்தரைக்கு ஒருமுறை இடுவது சதுர மீட்டருக்கு 10 கிராம் யூரியாவுக்கு மேற்படாதிருத்தல் நலம். சென்ட்டுக்கு 400 கிராம். ஐந்து சென்ட் புல்தரைக்கு 2 கிலோ போதும். இதைக் கையால் சீராகத் தூவுவது கடினம். இரண்டு கிலோ கொள்ளும் சுழல்தட்டுக் கருவி உண்மையில் இவ்வேலைக்கென்றே பிறந்தது. மேற்சொன்னவாறு சோதித்து, புல் உலர்ந்திருக்கும்போது குறுக்கும் நெடுக்குமாக இருமுறை தூவி, உடனே நீர் தெளித்து மணிகளைக் கரைத்துவிடவேண்டும். நீர் வசதி இல்லாத நாளில் உரமிடலாகாது. ஊராட்சி ஒரு கருவி வாங்கினால், பசுந்தாள் விதைக்கும் பருவத்தில் அதனைச் சிறு உழவர்களுக்கும் முறை வைத்துக் கொடுக்கலாம். தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ, அதாவது சென்ட்டுக்கு 200 கிராம். விதைக்கும் வேறாக ஒருமுறை சோதித்து எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

வேலை முடிந்தபின் கலத்தைக் கழுவுவது பற்றிச் சில சொற்கள். உரம் உப்புத் தன்மையுடையது. ஒரே இரவில் இரும்பைத் துருவேற்றும். பல்சக்கரமும் திருகாணியும் உள்ள கருவியில் மணிகள் தங்கினால் மறுமுறை கைப்பிடி சுழலாது. நன்கு கழுவி, வெயிலில் உலர்த்தி, சக்கரத்துக்குச் சிறிது எண்ணெய் இட்டு வைக்கவேண்டும். உரம் அளந்த படியும் வாளியும் மீண்டும் சமையலறைக்குள் போகக்கூடாது. யூரியா பார்வைக்கு உப்பைப்போல் இருப்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். கழுவிய நீரைத் தொட்டியிலோ வாளியிலோ விட்டுச் செல்லுதல் பெருந்தீங்கு. யூரியா கரைந்த நீரைத் தாகத்தோடு வந்த மாடு குடித்தால் வயிறு உப்பி, உடல் நடுங்கிச் சில மணி நேரத்திலேயே இறக்கவும் கூடும். அந்நீரை வயலிலேயே, பயிரின் வேரடியில், அகலப் பரப்பி ஊற்றிவிட்டுக் கலத்தைக் கவிழ்த்து வைத்த பின்னரே வீடு திரும்பவேண்டும்.