அருந்ததி தெரியாவிட்டால் ஆயுள் குறையாது

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் சித்திரை பிறந்தால் மொட்டைமாடிகளில் இந்தப் பேச்சும் பிறந்துவிடுகிறது: “அருந்ததி கண்ணில் படாதவருக்கு ஆறு மாதம்தான்.” இதை நம்பி நான் அறிந்த ஒரு மாமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வயதானவர்களை ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்? போதும், நிறுத்துங்கள்.

நம்பிக்கை: அருந்ததி தெரியாவிட்டால் மரணம்.

உண்மை: சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடு நட்சத்திரம் வசிஷ்டர், ஒட்டினாற்போல் மங்கலாக இருப்பது அருந்ததி. இடைவெளி, முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சாதாரணக் கண்ணுக்கு இது தாராளம். சிக்கல் ஒளியில்தான். நட்சத்திர ஒளியளவில் எண் கூடக்கூட மங்கல்: வசிஷ்டர் 2.2, அருந்ததி 4.0. சப்தரிஷிகள் எழுவரில் மிக மங்கலான அத்ரியே 3.3. கொல்கத்தாவின் புகையிலும் கடியாஹாட் விளக்கொளியிலும் அத்ரியே பல இரவுகள் தட்டுப்படுவதில்லை. அருந்ததி எப்படித் தெரியும்? இருபது வயதுப் பிள்ளைகளுக்கும்தான் தெரிவதில்லை.

திருக்கார்த்திகை விளக்கேற்றும் வேளையில் சப்தரிஷி மண்டலமே அடிவானத்துக்குக் கீழே இருக்கும். அப்போது ஊரில் ஒருவருக்கும் அருந்ததி கிடையாது. பட்டப்பகல் முகூர்த்தத்தில் அருந்ததி பார்த்ததாகத் தலையாட்டிய தம்பதிகள் பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்களே!

தெருவிளக்கே கலங்கித் தெரிந்தால் கண்புரையாக இருக்கலாம். கண் மருத்துவரிடம் போங்கள், ஜோசியரிடம் அல்ல.

நம்பிக்கை: துருவ நட்சத்திரமே வானில் மிகப் பிரகாசமானது.

உண்மை: அதற்கு ஏறக்குறைய ஐம்பதாவது இடம். சப்தரிஷி மண்டலத்தில் வாலுக்கு எதிர் ஓரத்தில் இருக்கும் இருவரில், புலஹரிலிருந்து முனையிலுள்ள கிரதுவுக்குக் கோடு போட்டு, அந்தத் தூரத்தைப்போல் ஐந்து மடங்கு நீட்டுங்கள், துருவன் அங்கே. கொல்கத்தாவில் அடிவானிலிருந்து 22 டிகிரி உயரம், சென்னையில் 13.

நம்பிக்கை: சப்தரிஷிகள் எழுவரும் ஒரே கூட்டம்.

உண்மை: நடுவிலுள்ள ஐவர் மட்டுமே, சுமார் 80 ஒளியாண்டு தொலைவில் சேர்ந்து நகர்கிறார்கள். இரு முனைகளிலுள்ள கிரதுவும் மரீசியும் இன்னும் தள்ளி, தனி வழி போகிறவர்கள்.

பைனாகுலரைக் கையில் கொடுத்ததும் அந்த மாமி அருந்ததியைக் கண்டுவிட்டார். கண்ணில் குறையில்லை, வானத்தில்தான் வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது. தெருவிளக்குகளுக்கு மேல்மூடி போடச் சொல்லி வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். ஒளி தரைக்கு வரட்டும், மேலே போக வேண்டாம். உங்கள் மாடி விளக்கை நீங்களே இன்றிரவு அணைக்கலாம். அதற்கு யார் உத்தரவும் வேண்டாம்.