ஸ்பார்க்ஸ்டேஷனைத் திறக்குமுன்: ஒரு தம்பிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கைக்கு வந்திருக்கும் ஸ்பார்க்ஸ்டேஷன் 20-ல் பிராசஸர் இல்லை, டிஸ்க் இல்லை, கீபோர்டும் மானிட்டரும் கூடவே வரவில்லை என்று குறைகளையெல்லாம் வரிசையாக எழுதி, முதலில் எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். வாங்குவதற்கு அவசரமில்லை. பழைய யந்திரத்தைப் பழுதுபார்க்க உட்காரும் இளைஞர்களுக்கு, இல்லாததை எப்படியாவது நிரப்பிவிட வேண்டும் என்ற ஆவல் இயல்பாகவே எழுகிறது. அந்த ஆவலைச் சில நாட்கள் அடக்கிவைத்து, எது இருந்தது, எது எப்போதுமே இருந்ததில்லை என்று நிதானமாக விசாரித்து அறிந்த பிறகே ஸ்குரூடிரைவரைக் கையில் எடுக்க வேண்டும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

ஸன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1994-ல் வெளியிட்ட அந்தத் தட்டையான பெட்டியில் பிராசஸர் மதர்போர்டோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டதன்று. எம்-பஸ் என்னும் இரண்டு ஸ்லாட்டுகளில் மாட்யூலாகச் சொருகப்படுவது. ஒரே மாட்யூலில் இரண்டு பிராசஸர்கள் அமைந்தவையும் உண்டாதலால், ஒரு பெட்டியில் நான்கு வரை வைக்க முடிந்தது. கழற்ற எளிதாகவும் தனியே விலைபோகக் கூடியதாகவும் இருந்த காரணத்தால், ஓய்வுபெற்ற யந்திரங்களிலிருந்து முதலில் களவுபோனது அதுவே. 1995-ல் வெளியான ‘டாய் ஸ்டோரி’ திரைப்படத்தின் காட்சிகளைக் கணித்துத் தீட்டுவதற்குப் பிக்ஸார் நிறுவனத்தார் இந்த ரகத்தில் 117 யந்திரங்களை வைத்திருந்தார்கள். அவற்றில் 87 இரண்டு பிராசஸர்களையும், 30 நான்கு பிராசஸர்களையும் கொண்டவை. இந்தக் கீர்த்தியைக் கேள்விப்பட்டவர்கள், தங்களிடம் அகப்பட்ட எளிய பெட்டியிலும் நான்கைத் திணித்து, அந்தப் படத்தோடு உறவு கொண்டாட ஆசைப்படுகிறார்கள். உன் யந்திரம் ஏதோ ஒரு சர்வகலாசாலையில் ஒற்றைப் பிராசஸருடன் பத்து வருஷம் உழைத்ததாகவே இருக்கலாம். அந்த உழைப்பில் என்ன குறை? ஒரு ஸ்லாட்டின் அருகே திருகு இறுகியிருந்த வட்டத் தடம் தெரிந்து, மற்றொன்றின் அருகே பலகை மாசு மருவின்றி இருக்குமாயின், ஒன்றைத்தான் நீ தேடி வாங்க வேண்டும். அதையும், யந்திரத்தின் பழைய ரோம் சிப் எல்லா மாட்யூல்களையும் அறிந்துகொள்ளாது என்பதை நினைவில் வைத்துப் பார்த்து வாங்கு.

ஆகவே மூடியைத் திறந்தவுடன் துடைக்காதே. தூசி படிந்த விதத்தையே படமெடு. பின்புறத்தில் எஸ்-பஸ் கார்டுகளுக்கான வாய்களில் எதன் மூடுதகடு காணாமற் போயிருக்கிறதோ, அங்கே ஒரு கார்டு இருந்து பிடுங்கப்பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். டிஸ்க் நிற்க வேண்டிய இடத்தில் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடி இருக்கிறதா என்று பார். டிஸ்க்கை எடுத்தவர்கள் பிடியையும் சேர்த்தே கொண்டுபோவது வழக்கம். பின்னொரு நாள் அந்த டிஸ்க்கே உனக்குக் கிடைக்குமானால், அதைக் கொண்டு யந்திரத்தை எழுப்பிப் பார்க்கும் ஆசைக்கு இடங்கொடாமல், முதலில் அதன் முழுப் பிரதியை வேறோரிடத்தில் எடுத்து வை.

பவர் சப்ளையைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லப் போவதில்லை: வெளியே எடு, கப்பாஸிட்டர்கள் ஒழுகியிருக்கின்றனவா என்று பார், வோல்டேஜைத் தனியே அளந்து திருப்தியான பிறகே மதர்போர்டோடு சேர்.

நான் அதிகம் பேச விரும்புவது என்.வி.ரேம் என்னும் ஒரு சின்னச் சிப்பைப் பற்றி. கடிகாரமும் சிறிது நினைவகமும் லித்தியம் பாட்டரியும் ஒரே உடலில் அடைத்து மூடப்பட்ட அந்தச் சிப்பில்தான் யந்திரத்தின் அடையாளம் குடியிருக்கிறது. அதன் ஐ.டி.ப்ராம் பகுதி மொத்தம் 16 பைட்டுகளே. யந்திரத்தின் வகை, ஈதர்நெட் முகவரி, தயாரித்த தேதி, வரிசை எண் ஆகியவை முதல் 15-ல் அடங்க, அவற்றையெல்லாம் எக்ஸ்-ஆர் செய்து கிடைக்கும் சரிபார்ப்பு எண் கடைசியில் நிற்கும். பாட்டரி வற்றியதும் இவ்வளவும் அழிந்து, யந்திரம் தான் இன்னதென்பதையே மறந்துவிடுகிறது. யந்திரத்தின் துவக்க மென்பொருளான ஓப்பன்பூட்டில் கட்டளைகளைத் தட்டி அவற்றை மீண்டும் எழுதுவது சுலபம். அந்தச் சுலபத்தில்தான் அபாயம் இருக்கிறது.

பல வருஷங்களுக்கு முன், என் முதல் ஸ்பார்க்ஸ்டேஷனில் செத்துப்போன அந்தச் சிப்பை, முதுகில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டோடு குப்பையில் எறிந்துவிட்டு, புதுச் சிப்பில் மனத்துக்குத் தோன்றிய முகவரியை எழுதினேன். யந்திரம் ஓடியது, நானும் பெருமைப்பட்டேன். சில காலம் கழித்து ஒரு முதிய ஆராய்ச்சியாளர் தம் பழைய நோட்டுப் புஸ்தகத்துடன் வந்தார். தம் பரிசோதனைச்சாலையில் இருந்த யந்திரங்களின் முகவரிகளை அதில் வரிசையாக எழுதி வைத்திருந்த அந்த அம்மையார், தாம் இளவயதில் ஆய்வுரை எழுதிய யந்திரம் என் அலமாரியில் இருக்கும் மூன்றில் எது என்று காட்டும்படி கேட்டார். இரண்டை ஒப்பிட்டு அவையல்ல என்று சொல்ல முடிந்தது. மூன்றாவதன் மேல் கைவைத்து அவர் என் முகத்தைப் பார்த்தபோது, நான் எறிந்த சீட்டில் இருந்த விடையை எங்கிருந்து கொண்டுவருவேன்? அந்த மௌனம் இன்றும் என்னைச் சுடுகிறது.

ஆதலால், சிப்பின் முதுகில் சீட்டு இருந்தால் முதலில் அதைப் படித்து எழுதிவை. இல்லையென்றால் யந்திரத்தோடு வந்த காகிதங்களைத் துருவிப் பார்: அக்காலத்து விலையுயர்ந்த மென்பொருள்களின் உரிமங்கள் யந்திரத்தின் ஹோஸ்ட் ஐ.டி. என்னும் அடையாள எண்ணோடு பிணைக்கப்பட்டிருந்தன, அதன் கடைசி மூன்று பைட்டுகள் ஈதர்நெட் முகவரியின் கடைசி மூன்றுடன் பொதுவாக ஒத்திருக்கும், முகவரியின் முதல் மூன்றோ 8, 0, 20 என்ற ஸன் நிறுவனத்தின் முத்திரை. ஒரு பழைய உரிமத் தாள் கிடைத்தாலும் யந்திரத்துக்கு அதன் அடையாளத்தைத் திருப்பித் தந்துவிடலாம். எதுவுமே அகப்படாதபோது புது எண்ணை எழுது, தவறில்லை. ஆனால் இது இன்ன தேதியில் என்னால் இடப்பட்டது என்று ஒரு சீட்டு எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடு. பழைய சிப்பையும் ஓர் உறையிலிட்டு யந்திரத்துடனேயே வை.

கீபோர்டும் மானிட்டரும் இல்லையே என்று வருந்தாதே. கீபோர்டு இணைக்கப்படாதிருந்தால் இந்த யந்திரம் சீரியல் போர்ட்டின் வழியாகப் பேசும். 9600 பாட் வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்று உன் லாப்டாப்பை அமைத்துக்கொண்டு காத்திரு. கீபோர்டை மட்டும் மாட்டிவிட்டு, இருண்ட திரையின் முன் உட்கார்ந்து, நல்ல யந்திரம் செத்துவிட்டதென்று ஒதுக்கியவர்களை நான் அறிவேன். டிஸ்க்கே இல்லாத நிலையிலும், பிராசஸரும் நினைவகமும் சரியாக அமர்ந்திருந்தால், பரிசோதனைகள் முடிந்தபின் ‘ஓகே’ என்ற இரண்டே ஆங்கில எழுத்துகள் தோன்றும். ஃபோர்த் மொழியில் எழுதப்பட்ட ஓப்பன்பூட் உன் கட்டளைக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த நிமிஷத்தில் வேறெதையும் செய்யாமல் ‘பானர்’ என்று தட்டு. திரையில் வரும் முகவரியையும் ஹோஸ்ட் ஐ.டி.யையும், அவை அழிந்துபோயிருந்தால் அழிந்த வண்ணமே, காகிதத்தில் பேனாவால் எழுதி, ஒரு நகலை எனக்குத் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அண்ணன்